முறுக்கு டின்னில் வைத்த சாமான்கள்

டின்களைத் திறந்த அன்று நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். அவள் தம்பி, என் மச்சான், இருந்தான். வேனை வாங்க வந்த தவுக்கே இருந்தார். பெக்கான் நானாஸில் அன்னாசி விற்கிற சீன முதலாளி. மச்சான் வீட்டு நாயும் இருந்தது.

வேன் பழையது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய வண்டி. அதே தொழிற்சாலையில் நான் இருபத்திரண்டு வருஷம் பெட்டி ஒட்டினேன். நான் ஓய்வு பெற்ற வருஷம் வேனையும் தள்ளிவிட்டார்கள். வாங்கினேன். சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து மெத்தை போட்டேன். நானும் அவளும் மெர்சிங் வரை போய்க் கடலோரம் நிறுத்திப் படுத்துக்கொள்வோம். அதிகம் பேச மாட்டோம். நன்றாக இருக்கும்.

நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி முடியும்வரை விடாது. அந்த மூன்று மாதம் வேன் சிம்பாங் ரெங்கத்தில், மச்சான் வீட்டுப் பின்னால், தகரக் கொட்டகையில் நிற்கும். பெர்மாஸ் ஜெயாவில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு. வேனுக்கும் இடமில்லை. வேன் சாமானுக்கும் இடமில்லை.

சாமான் என்றால் கரண்ட் சாமான். ரேடியோ, காத்தாடி, இரண்டு விளக்கு, சின்ன ரைஸ் குக்கர், டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, வழி பார்க்கிற பழைய போன், பவர் பேங்க், இன்வெர்ட்டர். எல்லாம் வேனுக்குள்ளேயே கிடக்கும்.

மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கோ பனி நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தன் வேன் சாமானைக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்குகிறார். உறைந்துவிடுமாம். இங்கே உறையாது. மழை படாமலே ஈரமாகிவிடும். வெயில் வந்தால் வேன் சுடும், மழை வந்தால் உள்ளே வேர்க்கும்.

போன வருஷம் தீபாவளி முடிந்து காலியான முறுக்கு டின்களில் சாமானை வைத்து வேனிலேயே விட்டேன். பெரிய சதுர டின், காற்றுப் புகாது. வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உடனே உள்ளே வைத்து மூடி டேப் ஒட்டினேன். பிப்ரவரியில் திறந்தேன். குக்கரில் பூஞ்சை. காத்தாடி சுற்றவில்லை. ஈரத்தில் டேப் விட்டிருந்தது. முறுக்குத் தூளுக்கு வந்த எறும்பு ரேடியோவுக்குள் முட்டையோடு குடியிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் பெட்டி ஒட்டினவரு. வெளிய சொல்லிடாதீங்க."

நான் ரேடியோவைத் தட்டி எறும்பை உதறினேன்.

"காசு போட்டு எல்லாம் வாங்குறீங்க. கெட்டதுக்கு வேற வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் இதுல ஒண்ணு கெட்டாலும் வேன வித்துடணும்."

"சரி," என்றேன்.

சொன்னால் சொன்னதுதான். அவளுக்கும் அது தெரியும்.

இந்த முறை தீபாவளி முடிந்ததும் டின்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"நீங்களே மோந்து பாருங்க. எண்ணெ வாசன போகல."

அவளே வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். வெயிலுக்குக் காத்திருந்தோம். இரண்டு நாள் காய்ந்தது. பிறகு நான் சாமான்களை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காத்தாடியை டின்னில் வைத்தேன். அவள் அதைத் தொட்டாள்.

"சூடா இருக்கு. முறுக்கு சுட்டு சூடோட மூடுவாங்களா?"

"மாட்டாங்க."

"மூடினா?"

"நமத்துப் போவும்."

"அப்புறம்?"

காத்தாடியை வெளியே எடுத்தேன். வீட்டு விசிறியைப் போட்டு ஒரு மத்தியானம் முழுக்க எல்லாவற்றையும் ஆறவிட்டோம். ஈரம் உறிஞ்சும் மணிகள் என்னிடம் ஒரு பை நிறைய இருந்தன, காலுக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டிகளிலிருந்து சேர்த்தவை. அவள் பழைய குவாலிச் சட்டியில் அவற்றைச் சிறுதீயில் வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து, டின்னுக்கு ஒன்றாகப் போட்டாள். வேனை விற்கச் சொன்னவள் ஏன் இவ்வளவு பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி வந்தது. போனோம். கொட்டகையில் தவுக்கே டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வரச் சொன்னேன் மாமா," என்றான் மச்சான். "அக்கா போன வருஷம் சொன்னிச்சே. ஆளு ரெடியா இருக்கட்டும்னு."

"அண்ணே, ஜுவால் தாக்?" என்றார் தவுக்கே. விற்பீர்களா, இல்லையா என்று.

"பாப்போம்," என்றேன்.

டின்களைத் திறந்தேன். எறும்பு இல்லை. வாடை இல்லை. காத்தாடியைப் போட்டேன். சுற்றியது. "ஒண்ணு," என்றான் மச்சான். விளக்கு இரண்டும் எரிந்தன. குக்கர் சூடேறியது. பம்பு கத்தியதில் நாய் ஓடிப்போய் தவுக்கேயின் லாரிக்கு அடியில் படுத்தது. போன், பவர் பேங்க், இன்வெர்ட்டர் எல்லாம் சரி. மச்சான் எட்டு வரை வந்துவிட்டான்.

ரேடியோ பேசவில்லை.

"சாவியக் குடுத்துடுங்க மாமா," என்று சிரித்தான்.

"பேட்டரி போடல லா."

பேட்டரியைக் கழற்றி வேன் கதவுப் பையில் வைத்திருந்தேன். எடுத்தேன். இரண்டும் வெள்ளையாகப் பூத்துக் கசிந்திருந்தன. அதை மட்டும் டின்னில் வைக்க மறந்திருக்கிறேன்.

"அக்கா, ஒண்ணு கெட்டுப்போச்சு. சொன்ன சொல்லு சொல்லுதான்."

அவள் பேட்டரியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நான் வேனைப் பார்த்தேன். மெத்தை மடித்தபடி இருந்தது.

"பேட்டரி சாமானாடா?" என்றாள். "கடையில தொங்குது. உப்பு தீந்துபோனா அடுப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லுவியா?"

"அப்ப ரேடியோ?"

"பேட்டரி போட்டுப் பேசலன்னா அது கெட்டது."

தவுக்கேவுக்கு 'அண்ணே' தாண்டித் தமிழ் தெரியாது. அவள் கையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். லாரிக்குப் போனார். அன்னாசி நிறுக்கிற தராசைக் கவிழ்த்து இரண்டு பேட்டரி எடுத்து வந்து கொடுத்தார். தராசுக்கு வேண்டாமா என்று மலாயில் கேட்டேன். முப்பது வருஷமாகக் கண்ணாலேயே நிறுக்கிறேன், தராசு பழம் வாங்க வருகிறவர்களின் திருப்திக்கு என்றார்.

போட்டேன். கரகரத்தது. குமிழைத் திருப்பினேன். யாரோ ஒரு பெண் தமிழில் அரிசி விளம்பரம் சொன்னாள்.

"போலே லா!" என்றார் தவுக்கே, வேலை செய்கிறதே என்று. கை தட்டினார். தட்டிய பிறகுதான் தனக்கு வேன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மச்சான் கொண்டுவந்த கோப்பியைக் குடித்தார். பேட்டரியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மனைவி ரேடியோவை வேனுக்குள் அதன் பழைய இடத்தில் வைத்தாள். மெத்தையை விரித்துத் தட்டினாள்.

"எத்தனடா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஒம்பது."