நாலு நிமிடம் முந்திய காற்று வேட்டு

ஒரு தெருவின் நோன்பை நாலு நிமிடத்தில் பாழாக்கிய பெருமை என் மாமாவுக்கு உண்டு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. தொண்டியில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாய்க்கு வாய் நாலு நிமிடம் வளர்ந்து இப்போது கால் மணி நேரத்தில் வந்து நிற்கிறது. நடந்தபோது கூடவே இருந்த ஒரே ஆள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடங்களில் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது போகும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடும். ரமலான் மாதத்தில் அதுதான் பெரிய சங்கடம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் மினாராவின் உச்சியில் ஒரு பச்சை விளக்கு மட்டும் பேட்டரியில் எரியும், கடற்கரைப் பக்கத்துக்கு அது தெரியாது. ஒலிபெருக்கியை இழுக்க அந்தப் பேட்டரிக்குத் திராணி இல்லை. மோதினார் வெறும் தொண்டையில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வார், அது நாலு வீட்டைத் தாண்டாது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கஞ்சியையும் பேரீச்சம்பழத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, சொல்லியாச்சா இல்லையா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் நோன்பு திறக்க வேட்டுப் போடுவார்களாம். வெடிமருந்துக்கு அனுமதி கேட்டு அலைய ஆளில்லாமல் அது நின்றுபோனது.

மாமா அப்போது சவூதியிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஒரு தொழிற்சாலையில் காற்றுக் குழாய்களைப் பராமரிக்கும் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊரோடு இருந்து பம்ப், கம்ப்ரசர் பழுதுபார்க்கும் கடை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய அண்ணன், பெரிய மாமாவோ வேறொரு விசாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகத்தில் இருந்தவர். கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த எங்கள் குடும்பத்து அறைக்குச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

"மருந்து இல்லாம வேட்டுப் போடலாம்ண்ணே. காத்தே போதும்" என்றார் மாமா ஒருநாள்.

"காத்த வச்சு எவன்லே பொழைச்சிருக்கான்?" என்றார் பெரிய மாமா. பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, செஞ்சு காட்டு. முப்பது நாளும் ஒருநா தப்பாமப் போட்டேன்னா ரூம உனக்கு விட்டுர்றேன். தப்புச்சுன்னா பெருநா கழிச்சு மறுவாரம் ஏர்போர்ட்டு" என்றார்.

எனக்கு மாமா போகக் கூடாது. என் அத்தாவும் துபாயில்தான் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார், எனக்கு அவர் முகம் பழகுவதற்குள் பெட்டியோடு போய்விடுவார். வீட்டில் நான் கேட்கும் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற ஒரே பெரிய மனிதர் மாமாதான். அதனால் அந்த முப்பது நாளை அவரைவிட நான்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். அவர் எள் என்றால் நான் எண்ணெயாக நின்றேன்.

வேலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. போர்க் கிணற்றுக்கு இறக்கும் தடித்த நீலக் குழாயில் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டு வந்தது. அதற்கு இரண்டு பக்கமும் மூடி போட்டுப் பசை வைத்து ஒட்டினார். காற்றை அடைத்து வைக்கும் வயிறு அது. முன்பக்கத்து மூடியில் ஓட்டை போட்டு ஒரு வால்வு, அதற்கு முன்னால் ஒல்லியாக இன்னொரு குழாய், அதன் வாய் கடலைப் பார்த்து. வயிற்றில் ஓர் இடத்தில் சைக்கிள் டியூப் மவுத்தைப் பொருத்தி, காலால் மிதிக்கும் பம்ப்பை அதில் மாட்டினார். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட ஒரு காற்று மீட்டரும் கிடைத்தது. அதில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, முள் இதைத் தாண்டக் கூடாது என்று எனக்குச் சொல்லி வைத்தார். குழாய் உதைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பின்னாலும் மணல் மூட்டைகள். பின்பக்கத்து மூட்டைதான் என்னுடைய நாற்காலி.

முதல் நாள் நூறு மிதி மிதித்து மாமா வால்வைத் திருகினார். கழுதை பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு 'புஸ்' வந்து அடங்கியது. மாமா குனிந்து வால்வைத் தட்டிப் பார்த்தார்.

"திருகித் தொறக்குறது சரிவராது புள்ள. மதுரை பஸ்ஸு வந்து நின்னா எல்லாரும் ஒரே நேரத்துல எறங்கப் பாப்பாகள்ல, காத்து அப்பிடி வரணும்" என்றார்.

ராமநாதபுரம் போய், ஒரே இழுப்பில் திறக்கிற கைப்பிடி வால்வு ஒன்றை வாங்கி வந்தார். இப்போது காற்று வேகமாக வந்தது, சத்தம் வரவில்லை. வாயை அடைத்து, அந்த அடைப்பு கிழிந்தால்தான் சத்தம் வரும் என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. நியூஸ் பேப்பரைக் கட்டினோம், 'பொத்' என்றது. பால் கவரைக் கட்டினோம். அது போட்ட சத்தத்தைச் சபையில் சொல்ல முடியாது. கீழேயிருந்து அம்மா, "நோன்பு வரப்போகுது, மேல என்ன அசிங்கம் பண்றிய ரெண்டு பேரும்?" என்றாள். கடைசியில் நான்தான் பரணில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தேன். எங்கள் ஊர்ப் பத்திரிகைகள் கனமானவை, எல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தின் கனம். ஓர் அட்டையை வட்டமாக வெட்டி வாயில் வைத்து இறுக்கி, மாமா கைப்பிடியை இழுத்தார்.

மினாராவிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. அடுத்த வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பெரிய மாமா பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு தெருவுக்கு வந்து நின்றார். மணமகன் பெயர் தங்க எழுத்துகளோடு துண்டுதுண்டாக அவர் தலைமேல் இறங்கியது. மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். கைக்கடிகாரத்தை நம்பி வேட்டுப் போடக் கூடாது. மினாராவில் பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் போட வேண்டும். விளக்கைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் "பச்சை" என்பேன், மாமா இழுப்பார். ஒன்பது நாள் ஒரு பிசகும் இல்லை. கடற்கரை வீடுகளிலிருந்து மாமாவுக்குக் கஞ்சியும் சமோசாவும் வந்தன. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலில் கூடினார்கள். பெரிய மாமா மட்டும், "கடைத்தெருவுக்குச் சத்தம் எட்டலயே" என்றார். அறையைக் கொடுக்க மனமில்லாமல் சொன்னாரா, நிஜமாகவே எட்டவில்லையா என்று தெரியாது. மாமாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

பத்தாம் நாள் நான் முதல் நோன்பு வைத்திருந்தேன். வெயில் அன்று யாரையோ பழிவாங்குவதுபோல் அடித்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாடியில் தண்ணீர் பாட்டிலையும் நாலு பேரீச்சம்பழத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மூட்டையில் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுதும் வெயிலில் கிடந்த குழாய் தொட்டால் சுட்டது. மாமா மிதித்துக்கொண்டேயிருந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது.

"மாமா, தாண்டிருச்சு."

"இருக்கட்டும். இன்னைக்குக் கடைத்தெருவுல கேக்கணும்."

சூரியன் கருவைக் காட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கண்கொத்திப் பாம்பாக மினாராவையே பார்த்தேன். கண் கூசியது. எனக்குப் பின்னால், சோறு கொதிக்கும்போது பானை மூடி முனகுமே, அப்படி ஏதோ முனகியது. திரும்பிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. மினாராவின் உச்சியில் பச்சையாக ஒன்று மின்னியது. மின்னியது என்றுதான் அன்று நினைத்தேன். அங்கே ஜன்னலுக்கும் பச்சைக் கண்ணாடிதான், சாய்ந்த வெயில் அதில் பட்டிருக்கலாம். என் தாகமே அதைக் காட்டியிருக்கவும் கூடும்.

"மாமா, பச்சை" என்றேன். வறண்ட தொண்டையில் அது பாதிதான் வெளியே வந்தது.

அதே நொடியில் மாமா ஒரு கையால் என்னை நெட்டித் தள்ளி, மறு கையால் கைப்பிடியை இழுத்தார். நான் உருண்டு போய்ச் சுவரில் முட்டினேன். அதுவரை வராத சத்தம் வந்தது. கடைத்தெருவில் நிச்சயம் கேட்டிருக்கும். அவசரத்தில் தள்ளிவிட்டார் என்று நினைத்து, எழுந்த கையோடு பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டேன்.

மாமா குடிக்கவில்லை. பின்பக்கத்து மூடியை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். பிறகு மினாராவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

மாமா கைப்பிடிச் சுவருக்கு ஓடிப்போய், "இல்ல, இன்னும் இல்ல, திங்காதிய" என்று கத்திக் கையை ஆட்டினார். தெருவில் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேர் பதிலுக்குக் கையாட்டினார்கள். வீட்டுக்கு வீடு கஞ்சிக் கோப்பைகள் ஒலித்தன. நாலு நிமிடம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்தது. மோதினாரின் வெறுங்குரல் மெல்ல வந்தது. தெரு அப்படியே அடங்கிப்போனது.

மஃரிபு தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் கூட்டம். ஒருவர், பேரீச்சம்பழம் வாயில்தான் இருந்தது, முழுங்கவில்லை என்று சாதித்தார். கருவாட்டு வியாபாரி ஒருவர், இரண்டு கோப்பை கஞ்சி குடித்ததை ஆண்மையோடு ஒத்துக்கொண்டார். ஹஜ்ரத் எல்லாரையும் அமர்த்தினார்.

"தெரியாம நடந்தது. பாவம் இல்ல. பெருநா கழிச்சு இன்னைக்கு நோன்புக்குப் பதிலா ஆளுக்கு ஒரு நோன்பு கழா வச்சுருங்க" என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, விளக்கப் பாக்கலயா?" என்று கேட்டார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் பெயர் வரப்போகிறது என்று தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

"பாக்கல ஹஜ்ரத். வாட்ச்ச நம்பிப் போட்டுட்டேன். நேரத்தத் தப்பாப் பாத்துட்டேன்" என்றார் மாமா.

மாமா அன்று வாட்சைப் பார்க்கவேயில்லை. எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. முன்னால் போய், நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். தூணைவிட்டு நகரவில்லை. பெரிய மாமா மாமாவிடம், "பாஸ்போர்ட்ட எடுத்து வையி" என்றார்.

மறுநாள் காலை மாமா குழாயை ரம்பத்தால் அறுத்துத் துண்டு துண்டாக்கினார். நான் படியேறி வந்தபோது, "இங்கன வராத, கீழ போ" என்றார். அவர் என்னை அதட்டியது அந்த ஒருமுறைதான். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பெருநாள் கழிந்த மறுவாரம் அவர் பெட்டியோடு போனார். அதற்கு மறுவாரம் எங்கள் தெரு பேசிவைத்து ஒரே நாளில் கழா நோன்பு வைத்தது. சின்னப் பிள்ளைக்குக் கடமையில்லை என்று அம்மா சொல்லியும் கேட்காமல் நானும் வைத்தேன். அன்று சாயங்காலம் மின்சாரம் போகவில்லை.

அதன் பிறகு மாமா போனில் பேசும்போதெல்லாம் என்னைக் கேட்பார். நான் "நல்லா இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடுவேன். லீவில் வந்தால் பள்ளிக்கூடத்தைச் சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். என் ஒரு வார்த்தையால் ஊரைவிட்டுப் போனவரிடம் வேறென்ன பேசுவது? அந்த வார்த்தையை ஒருமுறைகூட அவரிடம் ஒத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன வருடம் மாமா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். தலை நரைத்து, முழங்கால் தேய்ந்து, பதினைந்து வருடம் கழித்து. பார்க்க வந்த ஒருவர் வழக்கம்போல அந்த நாலு நிமிடத்தை எடுத்துக் கிண்டல் செய்தார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். வந்தவர் போனதும் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"கொழாயோட பின்மூடி கழண்டு வந்துக்கிட்டிருந்துச்சு புள்ள. நீ அதுக்கு நேரா உக்காந்திருந்த. இன்னொரு நிமிஷம் விட்டுருந்தா... எனக்கு அந்நேரம் விளக்கும் தெரியல, ஒண்ணும் தெரியல, காது அடச்சுப்போச்சு. காத்த வெளிய விட்டாப் போதும்னு இழுத்துட்டேன்."

அப்படியென்றால் நான் சொன்ன 'பச்சை' அவர் காதில் விழவேயில்லை என்று நான் யோசிப்பதற்குள் மாமா தொடர்ந்தார்.

"நேரத்தத் தப்பாப் பாத்தேன்னா, கூறுகெட்ட பயன்னு சொல்லிட்டு விட்டுருவாக. பிள்ளைய அதுகிட்ட உக்கார வச்சிருந்தேன்னு தெரிஞ்சா உங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? உனக்கு மூடி முனகுன சத்தம் கேட்டுச்சு, தள்ளிவிட்டதும் தெரியும். ஒருத்தர்ட்டயும் நீ சொல்லல. ஒம்பது வயசுப் புள்ள. அங்கன வெளிநாட்டு ரூம்ல தூக்கம் வராதப்ப அதத்தான் நெனச்சுக்குவேன். நமக்காக வாயத் தொறக்காம நின்ன ஒரு ஆளு ஊர்ல இருக்குன்னு."

பயத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்த ஒரு பிள்ளையை, பதினைந்து வருடம் அவர் தன் பக்கம் நின்ற ஆளாக வைத்திருந்தார். எனக்கு ஒன்றுமே தெரியாது மாமா, நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா மாமா, யார்ட்டயும் சொல்லல" என்றேன்.