கணக்கு சேர் கேட்டுப் போனவர்கள்

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பாதையில், நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அங்கேதான் படித்தேன். அங்கேயே ஆசிரியையும் ஆனேன். அடுத்த ஆண்டு ஓய்வு. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துப் படிகளில் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். பின்னால் வரும் பிள்ளைகள் நான் எதையோ பார்ப்பதாக நினைத்துத் தாங்களும் நின்று நீர்த்தேக்கத்தைப் பார்க்கிறார்கள்.

நான் படித்த காலத்தில் அது ஒரே மண்டபம். ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்ததை ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ஆண்டும் நாங்கள்தான் மேல் வகுப்பு. தடுப்புகள் கிடையாது. ஒரு வகுப்பின் சமயபாடம் அடுத்த வகுப்பின் சரித்திரத்துக்குள் போய் விழும். மழைக்காலத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. தகரக் கூரையில் மழை அடித்தால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. டீச்சர் பலகையில் எழுதுவார். நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டே காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போடுவோம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போகவிருந்த முதல் வகுப்பும் நாங்கள்தான். தமிழுக்கு ஆள் இருந்தார்கள், சமயத்துக்கு இருந்தார்கள். கணக்குக்கு மட்டும் ஆசிரியர், எங்கள் பேச்சில் சேர், யாரும் இல்லை. கணக்கில் தவறினால் அதற்கு மேலே படிக்க வழியில்லை. பள்ளிக்கூட அதிபர் டவுனிலிருந்த கல்வி அலுவலகத்துக்கு, நாங்கள் சொல்கிற கல்விக் கந்தோருக்கு, அலையாத மாதம் இல்லை. கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"நான் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனேன். இனி நீங்க போயி கேட்டாத்தான் உண்டு."

ஆண்கள் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்தார்கள். போனவர்கள் பெண்கள். கொழுந்தெடுக்கிற ஏழெட்டுப் பேர், என் அம்மாவும் அதில் ஒருத்தி. மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய் இன்றைக்கு வேலைக்கு வரமாட்டோம் என்று சொன்னார்கள். எதற்கு என்று கேட்டார் அவர்.

"கணக்கு சேர் கேக்கப் போறோங்க" என்றாள் அம்மா.

அவருக்கு அது விளங்கவில்லை. நாளைக்கும் வரவேண்டாம் என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள்.

என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "என்னா கணக்குன்னு கேட்டா நாங்க என்னத்த சொல்றது? நீயும் வா." பஸ்ஸில் எல்லாரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். ஆனாலும் விரல்களில் கொழுந்துக் கறை இருந்தது. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

கந்தோரில் மேலதிகாரியான பெரிய மாத்தயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். நாங்கள் வெளி விறாந்தையில் தரையில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம் போனது. கிளார்க் ஒருவர் வந்து, சத்தம் போடுகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அம்மாவுக்குக் கடைவீதிச் சிங்களம் நன்றாக வரும். "சத்தம் போட வரலீங்க, ஒக்காந்திருக்க வந்தோம்" என்று அதை அவர் மொழியிலேயே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய் என்ன சொன்னாரோ, சாயங்காலம் மாத்தயாவே வெளியே வந்தார். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு ஆள் அனுப்புறேன்" என்றார். எந்த வகுப்பு, என்ன கணக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வந்தவர் யாழ்ப்பாணத்து இளைஞர். குளிர் அவரை வாட்டியது. இரண்டு சுவெட்டர் போட்டு, காதைச் சுற்றி மப்ளர் கட்டி, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே பலகையில் எழுதுவார். முதல் நாள் ஒரு கணக்கைக் கொடுத்து, "கெதியாச் செய்யுங்கோ" என்றார். யாரும் அசையவில்லை.

பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த என் சிநேகிதி எழுந்து, "கெதியான்னா என்னாங்க சேர்?" என்று கேட்டாள்.

"நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

"வெரசா."

"சரி, வெரசாச் செய்யுங்கோ." வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அதன்பிறகு கணக்கு எங்களுக்குப் பயமாக இல்லை. "விளங்காட்டி விளங்கேல்லையெண்டு சொல்லுங்கோ. சும்மா தலையாட்ட வேண்டாம்" என்பார். விளங்கவில்லை என்று ஒரு ஆசிரியரிடம் சொல்லலாம் என்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது. மழை வந்தால் எங்கள் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து குந்தி, ஒவ்வொருவர் காதருகிலும் சொல்லிக்கொடுப்பார். இரண்டாம் தவணைக்குள் நான் கோடும் கோணமுமான கேத்திரகணிதத்தில் விழுந்து கிடந்தேன்.

அப்போதுதான் நாட்டு நிலைமை கெட்டது. சந்திக்குச் சந்தி ஆமியும் பொலிசும் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். சேரின் அட்டையில் யாழ்ப்பாணம் என்று பார்த்ததும் அவரைத் தனியாக இறக்கி வைத்தார்கள். ஒரு தடவை அரைநாள் கழித்துத்தான் பள்ளிக்கூடம் வந்தார். வந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். அவருக்கு அறை கொடுத்திருந்த கடைக்காரர், தனக்குப் பிரச்சினை வரும் என்று வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். அதிபர் தன் குவார்ட்டர்ஸில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். தாய்மார் முறைவைத்து ரொட்டியும் சம்பலும் அனுப்பினார்கள். "பயப்படாதீங்க சேர், நாங்க இருக்கோம்" என்று அம்மா சொன்னபோது அவர், "உங்களுக்கு ஒண்டும் நடக்காமல் இருக்க வேணும் அம்மா" என்றார். தோட்டத்திலும் சனங்கள் பயந்துபோய்த்தான் இருந்தார்கள்.

தவணை விடுமுறைக்குப் புறப்பட்டபோது, "லீவு முடிய வாறன். அதுக்குள்ள வட்டத்தைப் படிச்சு வையுங்கோ" என்றார். விடுமுறை முடிந்தது. அவர் வரவில்லை. பிறகு எந்தச் செய்தியும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா, எந்த நாட்டில் இருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை அம்மா வேலை முடிந்து வந்து, மலையூற்றுப் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவும் கந்தோருக்குப் போவோமா என்று கேட்டேன்.

"போயி யாரக் கேக்குறது?" என்றாள். "அவரு வேணாம்னா போனாரு? பயந்து போனாரு. இன்னொருத்தர அனுப்புனாலும் அவரும் பயந்துக்கிட்டுத்தான் இருப்பாரு." காலைத் துடைத்துவிட்டு, "எனக்கும் முடியல புள்ள" என்றாள். அந்த ஒரு நாளுக்காக அவர்களுக்குப் பல நாள் வேலை கொடுக்காமல் இழுத்தடித்திருந்தார்கள். அதனால்தான் என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அதிபர் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "தெரிஞ்சத சொல்லிக் குடு. தெரியாதத எல்லாருமா சேந்து பாருங்க." அவருக்கும் வேறு வழி இல்லை. என் வகுப்புக்கு நானே கணக்கு டீச்சர் ஆனேன். கேத்திரகணிதம் எனக்கு வந்தது. அதிலும் வட்டம் பாதிதான் வந்தது. என் சிநேகிதி ஒவ்வொரு வரிக்கும் "வெளங்குது, வெளங்குது" என்பாள். எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று தெரிந்தும் நான் அடுத்த வரிக்குப் போவேன். வேறு என்ன செய்வது? நாள் இல்லை.

பரீட்சை மஸ்கெலியாவில். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியிருந்தது. நல்லதண்ணியிலிருந்து திரும்பும் பஸ்களில், மலை இறங்கிய சனம் தொங்கிக்கொண்டு போனது. ஒன்றும் நிற்கவில்லை. கணக்குப் பரீட்சையன்று நாங்கள் பாதை ஓரமாக நடந்தே போனோம். நடந்துகொண்டே நான் சூத்திரங்களைச் சத்தமாகச் சொன்னேன், மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தபோது எல்லாருடைய காலிலும் பாதைச் சேறு இருந்தது.

கணக்கில் தேறியது நானும் இன்னொரு பையனும் மட்டும். முடிவு தெரிந்த அன்று சிநேகிதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுத முகம் இல்லை. "நீ பாஸாயிட்டியாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்த. எனக்குத்தான் ஏறல." அடுத்த திங்கட்கிழமை அவள் கூடையோடு பெரட்டுக்குப் போனாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஆறுதலாக இருந்ததில்லை.

அதற்கு மேற்படிப்பான உயர்தரம் ஹட்டனில் படித்தேன். தோட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக எடுத்த காலத்தில் எனக்கும் நியமனம் கிடைத்தது. இந்தப் பள்ளிக்கூடத்தையே கேட்டு வாங்கினேன். வந்தபோது ஆசை நிறைய இருந்தது. மண்டபத்துக்குத் தடுப்பு வந்தது. பிறகு மாடிக் கட்டடம் வந்தது. கலைப்பிரிவில் உயர்தரம் வந்தது, கணினி அறை வந்தது. பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள், ஒருத்தி தாதியானாள், சிலர் ஆசிரியர்களானார்கள். ஆனாலும் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் வருகிறவர்கள் மாற்றம் கிடைத்ததும் போய்விடுவார்கள். குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீடு இருக்கிறது. வருகிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அவர்கள் விட்டுப்போகிற வகுப்பு என்னிடம்தான் வரும். எடுத்துக்கொள்வேன்.

ஊருக்குள் நான் செய்தது பெரிய காரியம் என்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நினைவிருப்பதெல்லாம் அதே வட்டத்தை அதே பலகையில் திரும்பத் திரும்ப வரைந்ததுதான். கை பழகிவிட்டது. கவராயம் இல்லாமலே இப்போது சரியாக வருகிறது.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் என் பழைய மாணவன். கணக்கு அவனுக்குக் கடைசிவரை வரவேயில்லை. ஒரு பொடியனை எழுப்பிவிட்டு, "ஒக்காருங்க டீச்சர்" என்றான். ஜன்னல் ஓரம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கண்ணயர்ந்துவிட்டேன். மஸ்கெலியாவில் எல்லாரும் இறங்கிய பிறகு அவன்தான் வந்து மெதுவாகக் கூப்பிட்டான். குடை கொண்டுவந்தீர்களா என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.