கறிக்கடை மாமா கொடுத்த முயல்

நான் ஆறாம் வகுப்பு வாசலை மிதித்தவனில்லை. ஆனாலும் இன்றைக்கு வடமதுரையிலும் கொடைரோட்டிலும் என் ஹார்டுவேர் கடை நிற்கிறது. எதிரே வந்து சிரிக்கிறவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று அவன் வாயைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவேன். இந்தச் சாமர்த்தியம் எனக்கு முயல் வளர்த்ததில் வந்தது.

முயலைக் கொடுத்தவர் என் தாய்மாமா. திண்டுக்கல்லில் கறிக்கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடித்து, சாக்குப்பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் வெள்ளை முயல்.

"மாப்ளே, ஒனக்குத்தேன். காதப் பிடிச்சுத் தூக்காத, அடியில கை குடுத்துத் தூக்கு."

அறுக்கிறவர் உயிரோடு ஒன்றைச் சும்மா தருவாரா? முயலைக் கையில் வாங்கினேன். கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டேன்.

தக்காளிப் பெட்டிக்குக் கம்பிவலை அடித்துக் கூடு செய்து கொடுத்ததும் அவர்தான். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் அகத்திக்கீரைக் கட்டோடு வந்தார். வந்ததும் முயலை மடியில் போட்டு, கண்ணை மூடி, வயிற்றை விரலால் மெல்லத் தடவுவார். ஆடு வாங்கும்போது சந்தையிலும் அவர் இப்படித்தான் தடவுவார்.

"நல்லாத் திங்குதா மாப்ளே?"

கொழுக்க வைக்கிறார்! எனக்கா தெரியாது? கீரையில் பாதியைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். கூட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்து ஓடிவந்து பார்க்கிறேன், கூடு முழுக்க ரோமம். முயலின் நெஞ்சிலும் வயிற்றிலும் முடியே இல்லை. இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. பூட்டு போட்டபடி கிடந்தது. அதனாலென்ன, திண்டுக்கல்லில் கள்ளச்சாவிக்கா பஞ்சம்? உள்ளே அம்மா மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மாமா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட முடியப் பிடுங்கிட்டீகளே, நீங்கெல்லாம் ஒரு மாமாவா?"

"ஏலே, யார்ட்ட என்ன பேசுற?" அம்மாவின் கை அம்மியில் நின்றது. ஆனால் அவளும் அண்ணனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

மாமா கோபிக்கவில்லை. என்னிடம் சாவியை வாங்கிக் கூட்டைத் திறந்து, ரோமக் குவியலை ஒற்றை விரலால் விலக்கினார். அடியில், கண் திறக்காத குட்டிகள் சுண்டெலிபோல் நெளிந்தன.

"ஒருத்தரும் பிடுங்கல மாப்ளே. ஆத்தாக்காரி தானே பிடுங்கிப் பிள்ளைகளுக்கு மெத்த போட்டிருக்கா."

"தெரிஞ்சேதான் கொண்டாந்தீகளாண்ணே?" என்றாள் அம்மா.

"கறிக்குத்தேன் கடைக்கு வந்துச்சு, தங்கச்சி. வயித்தத் தொட்டா உள்ள உருண்ட உருண்டயாத் தட்டுப்பட்டுச்சு. சினைய எவனாச்சும் அறுப்பானா?"

ரோமத்தை இழுத்துக் குட்டிகளை மூடினார். "பால் ஊறணும் மாப்ளே, இனிமே கீரைய அள்ளிப் போடு."

அவர் சொன்னதில் 'கறிக்குத்தேன் வந்துச்சு' என்பது மட்டும் என் காதில் நின்றது. பார்த்தீர்களா, நான் சந்தேகப்பட்டது சரிதானே! ஜெயித்த மிதப்பில் மறுபடி பூட்டைப் போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார். முயலை நான் காப்பாற்றுவதற்கு முன்பே காப்பாற்றிவிட்ட ஆளைத்தான் வெளியே நிறுத்திப் பூட்டுகிறேன் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.