மயானத்துப் புல்விதை

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி கோட்டுச்சேரிமேட்டுக்குப் பக்கத்தில் நான் குடிவந்த மூன்றாவது கோடையில் நடந்தது இது. மணல்மேட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு மாடுகளுக்கென்று ஒரு மேய்ச்சல் தரை இருந்தது. காய்ந்த புல்லைக் கொளுத்தினால் புதுத்துளிர் வரும் என்று வருஷா வருஷம் ஓரமாகக் கொஞ்சம் கொளுத்துவார்கள். அந்த வருஷம் காற்று திரும்பி, முழுத்தரையும் எரிந்துபோனது. பிறகு தலைகாட்டிய துளிரையும் பசித்த மாடுகள் வேரோடு பிடுங்கித் தின்றன. ஆடி மாதம் வெறும் மணல்தான் பறந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே பசு, சினையாக இருந்தது. என் கணவருக்கு என்றைக்கோ ஒரு நாள்தான் கூலி வேலை, வைக்கோல் வாங்க வழியில்லை. தரகர் வந்து பசுவின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்காக எழுந்திருப்பேன் என்று பயந்தேன். முந்தைய தை மாதம்தான் எங்கள் முதல் குழந்தை, பேர் வைப்பதற்கு முன்பே இறந்திருந்தது.

மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர், "வெளியூர் வெதையெல்லாம் இந்த உப்பு மணல்ல தாங்காதும்மா. இங்கயே மொளைச்ச கொழுக்கட்டைப் புல்லு வெதையா பாத்து மழைக்கு முன்னாடி தூவுங்க" என்றார். மாடு வாய் வைக்காமல் கதிர் விட்டு நிற்கும் புல்லுக்கு எங்கே போவது? மயானத்தில் மட்டும்தான் முழங்காலுக்கு மேல் நின்றது. அங்கே யாரும் மாடு ஓட்டுவதில்லை, புல் அறுப்பதில்லை. பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. ஆண்களோ யோசித்துக்கொண்டே இருந்தார்கள். யோசிப்பதற்குக் கூலி கிடைத்திருந்தால் எங்கள் தெரு மாடிவீடாக மாறியிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காதான் ஒரு நாள் காலையில் கோணிப்பையோடு வந்து நின்றார்.

"மாடு பட்டினி கெடக்கு, இவங்க இன்னும் நல்ல நேரம் பாத்துக்கிட்டு இருக்காங்க. வாடி போவோம்."

போனோம். கதிரை உருவ உருவ, சுணை விரலில் ஏறியது. ஒரு மூலையில் புல் இன்னும் அடர்த்தியாக இருந்தது. நான் அங்கே நகர்ந்ததும் மயானத்துக் காவல்காரர் ஓடி வந்தார்.

"அந்தப் பக்கம் வேணாம்மா. சின்னப் புள்ளைங்கள வைக்கிற எடம்."

என் கை நின்றுவிட்டது. குழந்தையை என் கணவர்தான் துணியில் சுற்றி எடுத்துப்போனார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"தை மாசம் வச்சது எதுங்க?" என்று கேட்டேன்.

காவல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அடையாளம் வைக்கிறதில்லம்மா. மழை பேஞ்சா எல்லாம் ஒண்ணாயிடும்."

அக்கா என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. அழுதுகொண்டே அந்த மூலைப் புல்லின் கதிர் முழுவதையும் உருவி மடியில் கட்டிக்கொண்டேன்.

விதையைச் சாணியும் மண்ணும் சேர்த்துப் பிசைந்து புரட்டாசிக் கடைசியில் தூவினோம். ஐப்பசி மழையில் முளைத்தது. அது வேர்பிடிக்கும்வரை மாடுகள் இறங்காமல் தெருவே முறைபோட்டுக் காத்தது. எங்கள் பசு கஞ்சித் தண்ணீரிலும் வாழைப்பட்டையிலும் உயிரைப் பிடித்துக்கொண்டது. அக்காவால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டைத் தரகரிடம் கொடுத்துவிட்டார். விதை எடுக்க முதலில் கிளம்பியவர் அவர்தான்.

எங்கள் பசு தை மாதம் கன்று போட்டு அந்தத் தரையில் மேய்ந்தது. பிறகு பிறந்த என் மகள் அந்தப் பாலில்தான் வளர்ந்தாள். அங்கே நிற்பதில் எது என் பிள்ளையின் மேல் முளைத்த புல்லின் விதையில் வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இன்றைக்கும் அந்தத் தரையில் நான் செருப்புக் காலோடு நடப்பதில்லை.