வெர்லின் எண்ணிய மூன்று

மல்யுத்த மேடையில் நடப்பது நாடகம்தான் என்று எங்கள் மெம்பிஸில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். யார் ஜெயிப்பது என்பதை மதியமே பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் விழுகிற அடி நிஜம். அது புரியாமல் உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மேடையோரம் மணி அடிக்கிறவள். வெர்லின் டப்ஸ் நடுவர். வார நாட்களில் ஹார்டுவேர் கடையில் சாவி வெட்டுவார். சனிக்கிழமையானால் கோடு போட்ட சட்டையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அரங்குகளில் எங்களோடு சுற்றுவார். நல்ல நடுவரை யாரும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாது என்பார். "வீட்டுலயும் அதே கதைதான், இருக்காரா இல்லையான்னே தெரியாது" என்பாள் அவர் மனைவி டோரீன்.

விழுந்தவனின் இரு தோளும் தரையில் பட எதிராளி அமுக்கியிருக்க, நடுவர் மூன்று எண்ணி முடித்தால் விழுந்தவனுக்குத் தோல்வி. ஆனால் நடுவரின் முக்கியமான வேலை எண்ணுவதல்ல. விழுந்தவன் பக்கத்தில் மண்டியிட்டு, சும்மா பார்ப்பதுபோல அவன் கையைப் பிடிப்பார். அவன் திருப்பி அழுத்தினால் நலம், ஆட்டம் தொடரலாம். கூட்டத்துக்கு இது தெரியாது.

தலை நரைத்த பிறகுதான் வெர்லினுக்குப் பெரிய வாய்ப்பு வந்தது. நாடு முழுக்கக் காசு கட்டி டிவியில் பார்க்கும் 'ஸ்டீல் கிரவுன்' நிகழ்ச்சி, அதன் கடைசி ஆட்டம். மணி அடிக்க நானும் போனேன். சாம்பியன் ராஸ்கோ எங்கள் பள்ளிக்கூட அரங்குகளில் உருண்டு புரண்டு வளர்ந்தவன். எதிராளி லமார். ராஸ்கோ கடைசி நொடியில் தோளைத் தூக்கித் தப்பித்து, சாம்பியன் பெல்ட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. நன்றாக நடத்திக் கொடுத்தால் வெர்லினுக்கு நிரந்தர வேலை, சாவிக்கடைக்கு ஒரு கும்பிடு. நிகழ்ச்சியின் முதலாளி ஹாஸ்கெல் உள்ளறையிலிருந்து எங்கள் இருவர் காதுக்கருவியிலும் பேசிக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில் லமார் தூக்கிப் போட்டபோது ராஸ்கோ கழுத்து மடங்க விழுந்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. வெர்லின் அவன் கையைப் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார்.

"அழுத்த மாட்டேங்கிறான். நிறுத்தணும்" என்றார் காலர் மைக்கில்.

ஹாஸ்கெல் சீறினார். "நடிக்கிறான்யா! இன்னும் தூக்கிப் போட வேண்டியது பாக்கி இருக்கு. நடத்து!"

லமார் ராஸ்கோவைத் தூக்கக் குனிந்துவிட்டான். வெர்லின் லமாரின் தோளைப் பிடித்து இழுத்தார். "தூக்காதப்பா. அசைக்காம மேல கைய மட்டும் வை."

லமார் மறுபேச்சில்லாமல் வைத்தான். ஒன்று. இரண்டு. தோள் எழவில்லை. "எண்ணாதே! எண்ணாதே!" என்று காதைக் கிழித்தார் ஹாஸ்கெல். மூன்று. நான் மணியை அடித்தேன்.

"திருட்டுப் பயலே, எவ்வளவுடா வாங்கினே?" என்று கூட்டம் கத்தியது. பியர் தம்ளர்கள் பறந்தன. ஸ்ட்ரெச்சர் வந்த பிறகும் அதுவும் நாடகம் என்றே நினைத்துச் சிரித்தார்கள்.

உள்ளே ஹாஸ்கெல் வழிமறித்தார். "யாரக் கேட்டு எண்ணினே? பெல்ட்டே கை மாறிப்போச்சே!"

"தோள் எழும்பல. எழும்பலன்னா எண்ணுறதுதானே நடுவர் வேலை?"

"அந்த வேலை இனிமே உனக்கு இல்ல."

வெர்லின் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

கழுத்தெலும்பு நொறுங்கியிருந்தது. இன்னொரு தடவை தூக்கிப் போட்டிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டான், நடப்பானா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். சில நாள் கழித்து, ராஸ்கோ பேசலாம், சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் நானும் போனேன். வெர்லினைக் கண்டதும் அவன் பொங்கினான்.

"ஏன்ணே என்னைக் கவுத்தே? ஒரு நிமிஷம் விட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன். என் பெல்ட்டு போச்சே!"

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிப்பா. இப்ப எந்திரி."

எனக்கே சுருக்கென்றது. ராஸ்கோ முயன்றான். நெற்றி நரம்பு புடைத்தது. போர்வை அசையவில்லை. கண்ணீர் வழிந்து இரண்டு காதுக்கும் ஓடியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவனால் ஆகவில்லை. வெர்லின் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"நடப்பேனாண்ணே?"

"தெரியலப்பா."

அவர் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.  "இங்கேயே இரு, போயிடாதே" என்றான் ராஸ்கோ.

"எனக்கு வேற வேலை ஏது?" என்றார் வெர்லின். பையிலிருந்து வாழைப்பழப் புட்டிங்கை எடுத்துக் கரண்டியால் கிளறினார். "வாயத் திற."