தையலைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், கல் சேர்ந்த என் பித்தப்பையை எடுக்கவிருந்த காலை, நான் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊரப்பாக்கத்துக்கு அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று நர்ஸிடமே விசாரித்தேன். என் வீரம் அப்படி.

பக்கத்துக் கட்டிலில் சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஒருவர். வெயிலில் கறுத்த கழுத்து, வயிற்றில் நீளமான தையல். வலித்தால் படுக்கமாட்டார், தையலை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வார்டுக்குள் நடப்பார். அவருடைய கல் பித்தப்பையைத் துளைத்து, குடலுக்குள் இறங்கி, வழியை அடைத்துவிட்டதாம். அபூர்வமாகத்தான் இப்படி ஆகுமாம். குடலைக் கீறிக் கல்லை எடுத்திருந்தார்கள். பித்தப்பைக்காக அவர் இன்னொரு முறை வரவேண்டும்.

"இன்னா அண்ணாத்த, வூட்டுக்கா?"

"நாலு நாள் யோசிச்சிட்டு வரேன்."

"நானும் அப்டித்தான் யோசிச்சிகினு இருந்தேன். கல்லு நடந்துகினு இருந்துச்சு."

"மறுபடி கத்தி வெப்பாங்களே, பயமா இல்ல?"

"இல்லாம? வல பாறையில மாட்டிக்கினா, படகுல நின்னு இழுத்தா கிழிஞ்சிடும். உள்ள முங்கித்தான் எடுக்கணும். பயந்துகினேதான் முங்குவோம். சட்டைய கழட்டு."

கழற்றினேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்து, தள்ளுபவரிடம் ஜோக் சொன்னேன். பல் தந்தியடித்ததில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தியேட்டர் கதவு வரைக்கும் மீனவர் தையலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

நான் வார்டுக்குத் திரும்பியபோது அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. அன்று அவர் வலியில் நடந்தாரா, நான் குதித்து ஓடிவிடுவேன் என்று காவலுக்கு நடந்தாரா, இன்றுவரை தெரியவில்லை.