உப்பு கடைசி ராக்குல

"ஒரு பாக்கெட்டு உப்பு வாங்க எதுக்கு கடை முச்சூடும் சுத்தணும்?"

தெனம் வேலை முடிச்சி வூட்டுக்கு வந்ததும், செருப்பக் கூட கழட்டாம ஆதிலட்சுமி இதத்தான் கேப்பா. கேட்டுக் கேட்டு அவ வூட்டுக்காரருக்கே மனப்பாடம் ஆயிடுச்சி.

உத்திரமேரூர்ல தொறந்த பெரிய ஏசி கடையில அவளுக்கு வேலை. உப்பு, பருப்பு, எண்ணெ எல்லாம் அங்க கடைசி ராக்குல. போற வழி பூரா பிஸ்கட்டு, ஷாம்பு. மிட்டாயி மட்டும் கொழந்த கைக்கு எட்டற ஒசரத்துல. எடம் இல்லாம ஒண்ணும் அப்டி வெக்கல, போறப்ப இன்னும் ரெண்டு சேத்து எடுக்கட்டும்னுதான். கூடை பெருசா இருக்கறதும் அதுக்குத்தான். அடியில ஒத்த உப்பு பாக்கெட்டு கெடந்தா நமக்கே ஒரு மாதிரியா இருக்கும்ல.

ஆனா சாலவாக்கம் பஸ்ஸுல வர்றவங்க கிட்ட இது பலிக்கல. செருப்ப வெளிய வுட்டுட்டு, வாசல்லயே நின்னுக்கினு, ஊரு கடையில கேக்கற மாதிரி கொரல் குடுப்பாங்க. ஆதிலட்சுமி ஓடிப் போயி எடுத்தாந்து குடுப்பா.

மேனேஜர் பிரேம்நாத்துக்கு இது பொறுக்கல. "நீங்க எடுத்துக் குடுக்காதீங்கக்கா. கூடையக் குடுத்து உள்ள அனுப்புங்க. நடந்தாதான் நாலு பொருள் கண்ணுல படும்."

"கன்னியப்பன் மாமாவுக்கு முட்டி தேஞ்சி கீது சார். உன் நாலு பொருளப் பாக்கவா அவரு பஸ்ஸு ஏறி வந்தாரு?"

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வோணும். அதுக்காக தெரிஞ்ச மன்சன சுத்த வுட மாட்டேன்."

மறுநாளே அவள கொடோன்ல மூட்டை பிரிக்கத் தள்ளிட்டாரு. வேலைய வுட்டா பொண்ணு கீர்த்தி காலேஜுக்குப் போவ முடியாது. வாய மூடிக்கினு பிரிச்சா. தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லல.

அன்னிக்கும் கன்னியப்பன் வாசல்ல நின்னு உப்பு கேட்டாரு. அங்க நின்ன ஆளு கூடைய நீட்னாரு.

"இன்னாப்பா, உப்பா வாங்கறேன், மாடா வாங்கறேன்? இம்மாம் பெரிய கூடை எதுக்கு? ஆதி எங்க?"

"கொடோன்ல கீறாங்க."

"அது வெளிய வந்தப்பறம் வரேன்." செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்டாரு. கூட பஸ்ஸுல வந்தவங்களும் அவரு பின்னாடியே போய்ட்டாங்க.

அப்பறம் அந்த பஸ்ஸு ஆளுங்க யாரும் கடைப் பக்கம் வரல. ஒரு வாரம் தாக்குப் புடிச்சாரு பிரேம்நாத்து. எட்டாம் நாளு அவரே கொடோனுக்கு வந்து, "வாசல்லயே நில்லுங்கக்கா"ன்னாரு. எறங்கி வந்த மாதிரி தெரியக் கூடாதுல்ல, அவ நிக்கற எடத்துக்குப் பின்னாடியே ஒரு பிஸ்கட்டு ராக்கு கொண்டாந்து வெச்சாரு. அவ அத மறச்சிக்கினு நிக்கறா.

உப்பு இன்னும் கடைசி ராக்குலதான் கீது. அவதான் நடக்கறா. அந்தப் பக்கம் போனா ஆதிலட்சுமியப் பாத்துட்டு வாங்க. கூடையத் தொடாதீங்க. வாசல்ல நின்னு, இன்னா வோணுமோ அத மட்டும் சொல்லுங்க.